புதுக் கீபோர்டா, பழையதற்கு மறுவாழ்வா? கேமரன் மலை இசைக்குழுக்கள் போட வேண்டிய கணக்கு

தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. நிர்வாகம் முன்பணம் கொடுத்துவிட்டது. இந்த நேரம் பார்த்துக் கீபோர்டில் இரண்டு கட்டைகள் ஒலிக்காமல் போகின்றன, திரை மங்கிவிடுகிறது. குழுவில் உடனே இரண்டு கட்சிகள் பிறந்துவிடும். "பத்து வருடம் உழைத்தது போதும், புதுசு வாங்குவோம்" என்பது இளையவர்களின் கட்சி. "இதில்தானே இத்தனை பாட்டையும் ஏற்றி வைத்திருக்கிறோம், இதையே சரி செய்வோம்" என்பது மூத்தவர்களின் கட்சி. இந்த விவாதம் நடக்காத இன்னிசைக் குழு நாட்டில் அநேகமாக இருக்காது.

சமவெளியில் இருக்கும் குழுவுக்கு இது ஒரு கடைக்குப் போய் வரும் விஷயம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. இங்கே தவறாக முடிவெடுத்தால் அதன் சுமை ஒரு குடும்பத்தின் மேல் இரண்டு மூன்று ஆண்டுகள் அழுத்தும். ஆகவே இரு தரப்பு வாதத்தையும் பொறுமையாக எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

மலையின் நிலவரம்

1929-ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலைச்சரிவுகளைக் காடு வெட்டித் தோட்டமாக்கியதில் தமிழர்களின் உழைப்பு பெரும் பங்கு வகித்தது. இன்று கொழுந்து பறிப்போரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். ஆனாலும் தோட்டங்களிலும் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய சிறு நகரங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்கின்றன. தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா, கோவில் திருவிழா, கல்யாணம், தேவாலயப் பாடல், தீபாவளி ஒன்றுகூடல் என்று எதுவானாலும் மேடையில் ஒரு கீபோர்டு வேண்டும். பத்துப் பேர் கொண்ட வாத்தியக் குழுவை கீழேயிருந்து வரவழைக்க வசதி இல்லாத இடத்தில், வயலினும் புல்லாங்குழலும் தபேலாவும் அந்த ஒரே கருவிக்குள்ளிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

இனி வருமானத்தைப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பெரிய நிறுவனங்களின் உச்ச ரகக் கருவிகளில் ஒன்றான யமஹா மோன்டேஜ் எம், 2023-இல் வெளிவந்தபோது அதன் மிகச் சிறிய மாடலின் விலையே ஏறக்குறைய 3,500 அமெரிக்க டாலர். குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒருவர் அதை வாங்க எட்டு மாதத்துக்கும் அதிகமான சம்பளத்தை ஒரு காசு செலவழிக்காமல் எடுத்து வைக்க வேண்டும். இந்த உண்மையைக் கண்முன் நிறுத்திக்கொண்டுதான் பேச்சைத் தொடர வேண்டும்.

ஒர்க்ஸ்டேஷன் என்பது என்ன?

சாதாரணக் கீபோர்டுக்கும் ஒர்க்ஸ்டேஷன் எனப்படும் கருவிக்கும் வித்தியாசம் உண்டு. ஒலியை உண்டாக்கும் பகுதி, வாசித்ததைப் பல தடங்களில் பதிந்து வைக்கும் சீக்குவன்சர், எதிரொலி போன்ற நகாசுகளைச் சேர்க்கும் பகுதி, எல்லாவற்றையும் சேமிக்கும் நினைவகம் ஆகிய நான்கும் ஒரே பெட்டிக்குள் அடங்கியதே ஒர்க்ஸ்டேஷன். 1988-இல் வந்த கோர்க் எம்1 இந்த வகையை உலகமெங்கும் பரப்பியது. அதன் ஒலி நினைவகம் வெறும் 4 மெகாபைட். ஒரே நேரத்தில் 16 குரல்கள்தான் ஒலிக்கும். சீக்குவன்சரில் 8 தடங்கள். அதற்கே அன்று இசைக்கலைஞர்கள் வரிசையில் நின்றார்கள்.

16 குரல் என்றால் எவ்வளவு? இடக்கையில் நான்கு ஸ்வரக் கூட்டு ஒன்றைப் பிடித்து, வயலினையும் கோரஸையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அங்கேயே எட்டு தீர்ந்துவிடும். பின்னணியில் தாளமும் பேஸும் ஓடினால் மீதியும் போய்விடும். அதற்கு மேல் விரல் வைத்தால் முன்பு ஒலித்த ஸ்வரம் ஒன்று பாதியில் அறுந்து போகும். 2010-இல் வந்த யமஹா மோட்டிஃப் எக்ஸ்எஃப் கருவியில் இந்த எண்ணிக்கை 128. ஆகவே எம்1 காலத்துக் கருவியை வைத்திருக்கும் குழு முன்னேறத் துடிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 128 குரல் கொண்ட கருவியை ஏற்கெனவே வைத்திருக்கும் குழு, அதைவிடப் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கினால் மேடையில் கேட்பவர்களுக்கு அதிக வித்தியாசம் தெரியப் போவதில்லை.

மூன்று வேறு விஷயங்கள்

'அப்கிரேட்' என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு காரியங்கள் கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, கருவிக்குள் இருக்கும் இயக்க மென்பொருளைப் புதுப்பிப்பது. இது பெரும்பாலும் இலவசம். தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து கோப்பை இறக்கி, பென்டிரைவ் மூலம் ஏற்றிவிடலாம். 2011-இல் வந்த கோர்க் குரோனோஸுக்கு அதன் நிறுவனம் 3.0 பதிப்பு வரை இலவசமாகவே மேம்பாடு கொடுத்தது. 2019-இல் வந்த ரோலண்ட் ஃபேன்டம் வைத்திருந்தவர்கள், 2024-இல் ஃபேன்டம் இஎக்ஸ் வெளிவந்தபோது பெட்டியை மாற்றாமலே கட்டணம் செலுத்தி அதன் வசதிகளை மென்பொருளாகப் பெற முடிந்தது. தங்கள் கருவியில் இப்போது எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதையே பார்க்காமல் புதுசு வாங்கக் கிளம்புகிறவர்கள் நம்மில் பலர் உண்டு.

இரண்டாவது, கருவியோடு இணைக்கும் கணினியையும் அதன் இசை மென்பொருளையும் மாற்றுவது. மூன்றாவதுதான் கருவியையே மாற்றுவது. முதல் படியில் தீரக்கூடிய குறைக்கு மூன்றாம் படியின் செலவைச் செய்வது, கதவுக் கீல் கிறீச்சிடுகிறது என்று வீட்டையே இடித்துக் கட்டுவதற்குச் சமம்.

புதியதில் எல்லாம் இருக்குமா?

"புதுசில் பழசில் உள்ளதெல்லாம் இருக்கும், கூடுதலாகவும் இருக்கும்" என்பது பொதுவான நம்பிக்கை. இது எப்போதும் சரியல்ல. மோட்டிஃப் எக்ஸ்எஃப் கருவியில் பாடலை முழுமையாகப் பதிந்து, தடம் தடமாகத் திருத்தும் 16 தட சீக்குவன்சர் இருந்தது. 2016-இல் அதன் இடத்துக்கு வந்த மோன்டேஜ் ஒலியில் பல மடங்கு முன்னேறியிருந்தாலும், அந்த விரிவான திருத்த வசதி அதில் இல்லை. 2019-இல் வந்த 3.0 மென்பொருளில்தான் பேட்டர்ன் சீக்குவன்சர் சேர்க்கப்பட்டது. பழைய கருவியின் ஒலிக் கோப்புகளை மோன்டேஜ் படித்துக்கொண்டது என்பது உண்மை. ஆனால் கருவிக்குள்ளேயே பாட்டை அமைத்துப் பழகியவர்கள் மூன்று ஆண்டுகள் கணினியின் துணையைத் தேட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் மூத்தவர்களின் வாதத்துக்கு வலு கூடுகிறது. ஒரு குழு பத்து ஆண்டுகளில் இருநூறு முந்நூறு பாடல்களுக்கு ஒலிகளைத் தேர்ந்து, அடுக்கி, சுருதி சேர்த்து, வரிசைப்படுத்தி வைத்திருக்கும். பணம் கொடுத்து வாங்க முடியாத உழைப்பு அது. நிறுவனத்தையே மாற்றினால் அந்தக் கோப்புகள் பெரும்பாலும் புதுக் கருவியில் திறக்காது. எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து அமைக்க வேண்டும். ஒரு பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் முந்நூறு பாட்டுக்கு முந்நூறு மணி நேரம். பகலில் வேலை பார்த்து இரவில் பயிற்சி செய்கிறவருக்கு அது ஏறக்குறைய ஓராண்டு வேலை.

கைப்பழக்கம் என்று இன்னொன்றும் உண்டு. கீபோர்டில் ஸ்வரங்கள் படிப்படியாக நிற்பவை. நம் இசையோ வழுக்கிச் செல்லும் கமகத்தில் உயிர் பெறுவது. நாதஸ்வர ஒலியில் கமகம் கொண்டுவர வலக்கை கட்டையில் இருக்க, இடக்கை சுருதியை வளைக்க வேண்டும். அதற்கு யமஹாவில் மேலும் கீழும் உருட்டும் சக்கரம் இருக்கும். ரோலண்டில் இடமும் வலமும் தள்ளும் நெம்புகோல் இருக்கும். கோர்க்கின் பல மாடல்களில் நாற்புறமும் அசையும் ஜாய்ஸ்டிக் இருக்கும். ஒன்றில் பத்து வருடம் பழகிய இடக்கைக்கு மற்றொன்று அந்நியம். கடையில் ஐந்து நிமிடம் பியானோ ஒலியை வாசித்துப் பார்ப்பவருக்கு இது தெரியாது. திருவிழா இரவில், பக்திப் பாடலின் நடுவில்தான் தெரியும்.

இளையவர்களின் பக்கத்து நியாயம்

அதற்காகப் பழையதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பதும் இல்லை. இளையவர்கள் சொல்வதிலும் கனமான உண்மைகள் இருக்கின்றன.

பழைய கருவியின் நினைவு நிரந்தரமானதன்று. எம்1, ட்ரைட்டன் காலத்துக் கருவிகளுக்குள் நாணய அளவில் ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோது அமைப்புகளைக் காப்பாற்றுவது அதுதான். அது தீர்ந்துபோனால் பத்து ஆண்டு உழைப்பும் ஒரே இரவில் மறைந்துவிடும். 1999-இல் வந்த ட்ரைட்டன் பிளாப்பி வட்டில் சேமித்தது. 2001-இல் வந்த முதல் மோட்டிஃப் ஸ்மார்ட்மீடியா அட்டையில் சேமித்தது. இவை இரண்டும் இன்று கடைகளில் கிடைப்பது அரிது. உதிரிப் பாகங்களும் அப்படித்தான். ரப்பர் தொடுபட்டை, திரை விளக்கு போன்றவற்றை ஒருவாறு தேடிப் பிடிக்கலாம். முதன்மைப் பலகையில் உள்ள பிரத்தியேகச் சிப் பழுதானால் இன்னொரு பழைய கருவியைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

கேமரன் மலையின் சீதோஷ்ணமும் கருவிக்கு எதிரி. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை, மாலையானால் இறங்கும் மூடுபனி. தேயிலைக்கு இவை வரம். மின்னணுப் பலகைக்குச் சாபம். ஈரம் தொடுபுள்ளிகளை அரிக்கும். இன்னோர் ஆபத்து பயணத்தில் இருக்கிறது. குளிர்ந்த மலையிலிருந்து கருவியை ஏற்றி ஈப்போவிலோ தாப்பாவிலோ புழுக்கமான மண்டபத்தில் இறக்கினால், குளிர்ந்த உலோகத்தின் மேல் நீர்த்துளிகள் படியும். ஐஸ் தண்ணீர்க் குவளை வியர்ப்பது போலத்தான். உடனே மின்சாரம் கொடுத்தால் சேதம் நேரலாம். பெட்டியை மூடியபடி ஒரு மணி நேரம் வைத்திருந்து, பிறகு திறந்து இணைப்பது பாதுகாப்பு. புதுக் கருவிக்கும் இதே விதிதான். எனவே ஈரம் காக்கும் சிலிகா ஜெல் பொட்டலம், நல்ல உறை, மின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் யூபிஎஸ் ஆகிய மூன்றும் இல்லாத வீட்டில் புதுக் கருவியும் சீக்கிரமே பழையதாகிவிடும்.

மென்பொருளின் மறுபக்கம்

"கருவியை விடுங்கள், ஒரு மடிக்கணினி போதும், எல்லா ஒலியும் அதற்குள் வந்துவிடும்" என்று மூன்றாவது தரப்பொன்றும் சொல்கிறது. இதிலும் உண்மை இருக்கிறது. எம்1 ஒலிகளை கோர்க் நிறுவனமே மென்பொருளாக விற்கிறது. 2019-இல் ட்ரைட்டனும் அந்த வரிசையில் சேர்ந்தது. பழைய கருவி செத்தாலும் அதன் குரல் சாகாது என்பது பெரிய ஆறுதல்.

ஆனால் மென்பொருளுக்கு ஆயுள் குறைவு. 2019-இல் ஆப்பிள் தனது கேட்டலினா இயங்குதளத்தில் 32-பிட் மென்பொருள்களை நிறுத்தியபோது, அதுவரை நன்றாக ஓடிய இசைச் செயலிகள் பல ஒரே நாளில் ஊமையாகின. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஒன்றை மாற்றினால் அதோடு ஒட்டிய நான்கை மாற்ற வேண்டிவரும்: இயங்குதளம் மாறினால் ஒலி இணைப்பானின் டிரைவர், அது மாறினால் பதிவு மென்பொருள், அது மாறினால் கணினியின் நினைவகம். இவற்றின் மொத்தச் செலவையும் கூட்டிய பிறகே மென்பொருள் மலிவு என்று சொல்ல முடியும்.

உரிமத்தை இணையத்தின் வழி உறுதிப்படுத்தச் சொல்லும் மென்பொருள்களும் உண்டு. தோட்டப் பகுதிகளில் இணையத் தொடர்பு இடத்துக்கு இடம் மாறுபடும். நிகழ்ச்சியன்று மேடையில் கணினி உரிமம் கேட்டு நின்றுவிட்டால் கூட்டம் காத்திருக்காது. ஆகவே மேடைக் கணினியைப் பாட்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள். புதுப்பிப்பை நிகழ்ச்சி இல்லாத மாதத்தில் செய்யுங்கள். எல்லாம் நன்றாக ஓடும்போது, திருவிழாவுக்கு முந்தைய வாரம் எதையும் தொடாதீர்கள். அனுபவப்பட்ட கலைஞர்கள் கடைப்பிடிக்கும் எளிய ஒழுங்கு இது.

ரஹ்மான் கதை சொல்லும் பாடம்

கடன் வாங்கியாவது கருவி வாங்க வேண்டும் என்பவர்கள் ஏ. ஆர். ரஹ்மானை உதாரணம் காட்டுவதுண்டு. தாயார் தம் நகைகளை அடகு வைக்கக் கொடுத்ததால்தான் முதல் ஒலிப்பதிவுக் கருவியை வாங்க முடிந்தது என்று ரஹ்மானே சொல்லியிருக்கிறார். உணர்ச்சியைத் தொடும் செய்திதான். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தந்தை ஆர். கே. சேகர் 1976-இல் மறைந்தபோது ரஹ்மானுக்கு ஒன்பது வயது. அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. சிறுவயதிலேயே வாசிக்கப் போய், பல இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு கலைஞராகப் பணியாற்றி, விளம்பர இசை அமைத்து, அதன் பிறகுதான் 1989-இல் வீட்டோடு சேர்ந்து சொந்த ஒலிப்பதிவுக் கூடம் எழுந்தது. 'ரோஜா' வெளிவந்தது 1992-இல். அதாவது, அந்த நகை அடகுக்குப் போனபோது வேலை ஏற்கெனவே கையில் இருந்தது. திறமை பத்தாண்டுகளுக்கும் மேல் புடம் போடப்பட்டிருந்தது. கருவி வந்தால் வேலை வரும் என்ற நம்பிக்கையில் வாங்கியதன்று அது. வந்த வேலையைச் செய்யக் கருவி தேவைப்பட்டதால் வாங்கியது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டவர்கள் வட்டி முதலைகளின் வாயில் விழ மாட்டார்கள்.

கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு குழு மாதம் இரண்டு நிகழ்ச்சி செய்கிறது. எல்லாருக்கும் பங்கு கொடுத்த பின் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் 150 வெள்ளி பொது நிதிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 300, ஆண்டுக்கு 3,600 வெள்ளி. நடுத்தர ரகப் புதுக் கருவி 7,200 வெள்ளி என்றால் அதற்கு முழுமையாக இரண்டு ஆண்டுச் சேமிப்பு தேவை. பழையதைப் பழுதுபார்க்க 600 வெள்ளி ஆகுமானால் அது இரண்டு மாதச் சேமிப்பு. பழுதுபார்த்த கருவி இன்னும் இரண்டு ஆண்டு தாங்கினால், அந்த இரண்டு ஆண்டில் புதுக் கருவிக்கான பணத்தைக் கடனில்லாமல் சேர்த்துவிடலாம். அதே கருவி மூன்று மாதத்தில் மறுபடியும் மேடையில் காலை வாரினால், 600 வெள்ளியும் வீண், குழுவின் பெயரும் கெடும். ஆகவே பழுதுபார்ப்பவரிடம் "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்காமல், "இதற்கு உதிரிப் பாகம் இன்னும் கிடைக்கிறதா? அடுத்துப் பழுதாகக்கூடியது எது?" என்றும் கேட்க வேண்டும்.

பயணச் செலவையும் மறக்கக் கூடாது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைந்து ஏறும் பாதை. சிம்பாங் பூலாய் வழி ஈப்போவுக்குப் போனாலும் ஒரு நாள் போய்விடும். கருவியைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு நாள், எடுத்து வர ஒரு நாள் என்றால் இரண்டு நாள் சம்பளமும் கணக்கில் சேரும். நடுவில் நிகழ்ச்சி வந்தால் வாடகைக் கருவிக்கும் பணம் வேண்டும்.

முடிவெடுக்குமுன் ஐந்து கேள்விகளுக்குக் குழு உட்கார்ந்து பதில் எழுதினால் போதும். ஒன்று: இப்போதைய கருவியால் செய்ய முடியாமல், நாம் இழந்த வாய்ப்பு எது? பெயர் சொல்லிக் குறிப்பிட முடியாவிட்டால் அது தேவையன்று, ஆசை. இரண்டு: அந்தக் குறையை இலவசப் புதுப்பிப்போ, நினைவக விரிவோ, சிறு பழுதுபார்ப்போ தீர்க்குமா? மூன்று: நம் பாடல் அமைப்புகள் புதியதில் திறக்குமா? விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், ஒரு பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே திறந்து பார்க்க வேண்டும். நான்கு: கடனில்லாமல் வாங்க எத்தனை மாதம் ஆகும்? ஐந்து: நமக்குப் பின் வாசிக்கப்போகும் பிள்ளை யார்?

கடைசிக் கேள்வியே முக்கியம்

பணக் கணக்கில் அடங்காத அந்த ஐந்தாவது கேள்விதான் தோட்டத்துக் குழுக்களுக்கு உயிர்நாடி. கல்விக்கும் வேலைக்கும் இளைஞர்கள் மலையிறங்குவது தொடர்ந்து நடக்கிறது. கற்றுக்கொள்ளப் பிள்ளை இல்லாத குழுவுக்கு எவ்வளவு விலையுயர்ந்த கருவி வந்தாலும் அது உறைக்குள்ளேயே உறங்கும். ஆர்வமுள்ள ஒரு மாணவன் இருந்தால், பழைய கருவியே அவனுக்குப் பள்ளிக்கூடம். எனவே புதுசு வாங்க முடிவெடுத்தாலும், பழையதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும் முன் யோசிக்க வேண்டும். இருபது ஆண்டுக் கருவிக்கு விற்பனையில் சொற்பத் தொகைதான் கிடைக்கும். அதே கருவி ஒரு தமிழ்ப்பள்ளி மாணவியின் கைக்குப் போனால், ஐந்து வருடத்தில் குழுவுக்கு இரண்டாவது கீபோர்டு கலைஞர் கிடைப்பார்.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் ஒரு வேலையைத் தள்ளிப்போட முடியாது. கருவிக்குள் இருக்கும் பாடல் அமைப்புகள் அனைத்தையும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைப்பது. ஒன்று கலைஞரிடம், மற்றொன்று வேறு வீட்டில். பிளாப்பியில் இருப்பவற்றை, படிக்கும் கருவி இன்னும் உயிரோடு இருக்கும்போதே கணினிக்கு மாற்றிவிட வேண்டும். எந்தப் பாட்டுக்கு எந்த ஒலி, எந்தச் சுருதி, எந்த வேகம் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வைத்தால், கருவி எதுவானாலும் அந்தக் குறிப்பு உதவும். இதற்கு ஆகும் செலவு இரண்டு பென்டிரைவும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். இசைக்காகச் செய்யும் செலவை யாரும் வீண் என்று சொல்லவில்லை. அளந்து செய்யுங்கள் என்பதுதான் கோரிக்கை. இந்த வார இறுதியில் குழு கூடும்போது முதலில் பிரதி எடுங்கள். அதன் பிறகு இரு கட்சியும் தாராளமாக வாதாடலாம்.